மூன்று பேருக்கு ஒரு மவுஸ்: ஆறு ஆண்டு வகுப்பறை அனுபவம்

ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். வகுப்பறையின் பின்சுவரை ஒட்டி ஐந்து டெஸ்க்டாப் கணினிகள் இருக்கின்றன. ஏழாம் வகுப்பில் இந்த ஆண்டு 21 பிள்ளைகள். மூன்று மூன்று பேராக உட்கார வைத்து நடத்த ஆரம்பித்து இது ஆறாவது ஆண்டு. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இல்லாமல் என்ன சொல்லித் தர முடியும் என்று பயிற்சி வகுப்புகளில் பார்க்கிற ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஆளுக்கொன்று கிடைத்தாலும் நான் மூன்று பேரைச் சேர்த்துத்தான் உட்கார வைப்பேன். ஆனால் அந்த மூவரில் மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் படிப்பது ஒரு பிள்ளை மட்டும்தான். இது எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

1999இல் டெல்லி கல்காஜியில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமலே கூடி நின்று அதைப் பழகிக்கொண்டார்கள். அதைப் படித்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதல் வருடம் நானும் அதே நம்பிக்கையில் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டேன். பழகத்தான் செய்தார்கள். ஆனால் வீட்டில் அண்ணனுடைய லேப்டாப்பைத் தொட்டுப் பழகிய பையன் முதல் நாள் மவுஸைப் பிடித்தவன், மார்ச் வரை விடவில்லை. கூட இருந்த இரண்டு பேரும் பார்வையாளர்கள்.

ஒரு நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய எல்சிடி திரை பக்கவாட்டில் பார்த்தால் வெளிறிப் போகிறது. மஞ்சள் வெள்ளையாகத் தெரிகிறது, மெல்லிய கோடுகள் காணாமலே போகின்றன. அந்த இடத்தில் ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்திருந்த பிள்ளையை "கவனம் இல்லை" என்று நான் எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். மனசு கனத்துப் போயிற்று. மறுநாளே பெஞ்சை எடுத்துவிட்டு மூன்று ஸ்டூல்களைப் பிறை மாதிரி வளைத்துப் போட்டேன். திரைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினேன். இந்த ஆறு வருடத்தில் செலவே இல்லாமல் அதிகப் பலன் கொடுத்தது அந்த மாற்றம்தான்.

மவுஸ் பிரச்சினை அதோடு தீரவில்லை. இதே சிக்கலைப் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா ஆய்வாளர்கள் 2006 வாக்கிலேயே கவனித்திருக்கிறார்கள். ஒரே கணினியில் பல மவுஸ்களைச் செருகி, ஆளுக்கொரு நிறத்தில் அம்புக்குறி தெரியும்படி மென்பொருள் செய்தார்கள். அதைப் படித்துவிட்டு நானும் இரண்டாவது மவுஸ் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். சாதாரணக் கணினியில் எத்தனை மவுஸ் செருகினாலும் அம்புக்குறி ஒன்றுதான். ஒரு பிள்ளை இடப்பக்கம் இழுக்க, இன்னொன்று வலப்பக்கம் இழுக்க, பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிட்டது. சரி, இது ஒத்துவராது என்று கழற்றி வைத்துவிட்டேன்.

அப்புறம் கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றச் சொன்னேன். பாதி வேலையில் மவுஸைப் பிடுங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? கடைசியில் நிலைத்தது வேறு முறை. மவுஸ் பிடித்திருப்பவர் எதையும் தானாக முடிவு செய்யக் கூடாது. நடுவில் இருப்பவர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். அவர் வாயால்தான் சொல்லலாம், திரையை விரலால் தொட்டுக் காட்டக் கூடாது. மூன்றாமவர் நோட்டில் எழுதுவார். ஒரு சின்ன வேலை முடிந்ததும் மூவரும் ஓர் இடம் தள்ளி உட்காருவார்கள்.

விரலால் காட்டக் கூடாது என்ற விதிக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மின்னியல் பாடத்துக்கு, சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் ஃபெட் சிமுலேஷன் பயன்படுத்துகிறேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. இலவசம். பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தால் இணையம் இல்லாமலே பிரவுசரில் ஓடும். அதில் பேட்டரி, பல்பு, வயர் எல்லாவற்றையும் இழுத்து வைத்து மின்சுற்று கட்டலாம். முதலில் "அதை அங்க வை, இல்லடா, அந்தப் பக்கம்" என்றுதான் சொன்னார்கள். விரலும் இல்லை, 'அது' 'இது' என்பதும் புரியவில்லை என்றதும் வேறு வழியில்லாமல் "பேட்டரியோட நேர்முனையிலிருந்து ஒரு வயர் எடு", "ரெண்டாவது பல்பைப் பக்க இணைப்பில் போடு" என்று வந்தார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சொற்கள் வேலை செய்கிற சொற்களாக மாறியதை அங்கேதான் பார்த்தேன்.

பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் வயரால் இணைத்தால் திரையில் பேட்டரி தீப்பிடித்து எரியும். ஒரு குழு அதைச் செய்ததும் வகுப்பே எழுந்து ஓடி வந்தது. குறுக்குச் சுற்று என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் எதையும் கிளிக் செய்வதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று மூவரும் நோட்டில் எழுதியே ஆக வேண்டும். இதை மட்டும் கறாராக வைத்திருக்கிறேன். எழுதாமல் செய்தால் அது வாணவேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடும்.

ஏழு குழு, ஐந்து கணினி. மீதி இரண்டு குழுவுக்கு மேசையில் நிஜமான 1.5 வோல்ட் பேட்டரி, டார்ச் பல்பு, வயர். 40 நிமிடப் பாடவேளைக்குள் இரண்டு குழுதான் இடம் மாற முடியும், அதனால் ஒரே பாடம் மூன்று நாள் ஓடும். போன வருடம் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், கம்ப்யூட்டர்ல பக்க இணைப்பில் ரெண்டு பல்பும் அதே வெளிச்சம். இங்க மட்டும் ரெண்டாவது பல்பு போட்டதும் கொஞ்சம் மங்குதே?" நிஜ பேட்டரிக்கு உள்ளே மின்தடை இருக்கிறது, திரையில் உள்ள பேட்டரிக்கு நாமாகக் கூட்டினாலொழிய இல்லை. ஏழாம் வகுப்புப் பாடத்திலேயே இல்லாத விஷயம், அவள் நோட்டில் இரண்டு வரியாக இருக்கிறது.

கணக்குக்கு ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருள். முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்துக் கோணங்களைக் கூட்டிப் பார்ப்பது போன்ற வேலைக்கு நல்லது. அதற்கு மூன்று பேர் தேவையில்லை, இருவர் போதும்.

எனக்கு மிகப் பிடித்தது தமிழ் தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே கீபோர்டில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்தேன். ஒருவர் உயிர், மற்றவர் மெய், மூன்றாமவர் வாசிக்கிறவர். 'அம்மா' என்று அடிக்க இடப்பக்கம் 'அ', வலப்பக்கம் 'ம', 'ம', மறுபடி இடப்பக்கம் 'ஆ'. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய ஒரு பையன், உயிரும் மெய்யும் சேர்ந்து எழுத்தாவதை இப்படித் தட்டித் தட்டித்தான் பிடித்துக்கொண்டான்.

பராமரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தில் யுபிஎஸ் பேட்டரிகள் போய்விட்டன. கரண்ட் போனால் திரையில் இருந்தது போயிற்று, நோட்டில் இருப்பது மிச்சம். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் போட்டால் தேதி எங்கோ பின்னால் போயிருக்கும், அதனால் சில இணையதளங்கள் திறக்க மறுக்கும். மதர்போர்டில் உள்ள 2032 பட்டன் செல்லை மாற்றினால் சரியாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளும் முன் ஒரு கணினியைப் பழுது என்று ஒரு பருவம் முழுக்க மூடி வைத்திருந்தோம்.

நான்கு பேர் குழு எனக்குச் சரிப்பட்டதே இல்லை. நாலாவது பிள்ளை ஜன்னலைப் பார்க்கும். பெண்பிள்ளைகளையும் பையன்களையும் ஜூனிலேயே கலந்தால் மவுஸ் பையன்கள் பக்கமே போகிறது. அதனால் முதல் பருவத்தில் தனித்தனியாக வைத்துவிட்டு, கை பழகிய பிறகு கலக்கிறேன். முடிவில் மூவரில் யாரைக் கூப்பிட்டாலும் விளக்க வேண்டும் என்பதால் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளையை விடாமல் பிடித்துச் சொல்லித் தருகிறது.

இன்னும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. எழுதவே தயங்குகிற பிள்ளைக்கு நோட்டு முறை வரும்போது மற்ற இருவரும் அவசரத்தில் நோட்டை வாங்கி எழுதிவிடுகிறார்கள். இந்தப் பருவத்தில் அந்த இடத்துக்கு எழுத்துக்குப் பதில் படம் என்று மாற்றியிருக்கிறேன். போன வாரம் ஒரு நோட்டில் இரண்டு பல்பு, ஒரு பேட்டரி, வயரைச் சுற்றி அம்புக்குறிகள் வரைந்திருந்தன. அம்பின் திசை தப்பு. ஆனால் வரைந்தது அந்தப் பிள்ளையேதான், வேறு யாரும் கை வைக்கவில்லை.