பாரிஸ் பாராலிம்பிக்ஸ்: செயலி வழியே பார்த்த பன்னிரண்டு நாட்கள்

2024 ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 8 வரை பாரிஸில் நடந்த பாராலிம்பிக் போட்டிகளைப் பார்ப்பதற்கென்றே, வெளிநாட்டில் வசிக்கும் நான் ஒரு விளையாட்டு ஒளிபரப்புச் செயலிக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன். டோக்கியோவில் 19 பதக்கங்களோடு திரும்பிய இந்திய அணி, இம்முறை 84 பேருடன் சென்று 7 தங்கம் உட்பட 29 பதக்கங்கள் வென்றது. அந்த அணியின் ஆட்டங்களை இச்செயலி எப்படிக் காட்டியது என்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

படத்தின் தெளிவு அருமை. வில்வித்தையில் இரு கைகளும் இல்லாத சீத்தல் தேவி வலது காலால் வில்லைத் தூக்கி, தோளால் நாணை இழுத்து, தாடையின் அசைவால் அம்பை விடுவிப்பதைக் கால்விரல்கள் வில்லைப் பற்றும் அழுத்தம் வரை பார்க்க முடிந்தது. நேரலையும் பெரும்பாலும் தடைப்படவில்லை.

குறை வருணனையில்தான். உடல் குறைபாட்டின் தன்மைக்கேற்ப வீரர்களைப் பிரிவுகளாகப் பிரிக்கும் வகைப்பாடு புரியாமல் பாராலிம்பிக்ஸைப் பார்க்க முடியாது. உயரம் தாண்டும் வீரர் மாரியப்பன் தங்கவேலு, காலில் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவுகளில், ரியோவில் டி42 பிரிவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் டி63 பிரிவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், பாரிஸில் அதே பிரிவில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் வென்றார். செயற்கைக் கால் பொருத்தித் தாண்டுபவர்களும், அவரைப் போலப் பொருத்தாமல் தாண்டுபவர்களும் ஒரே போட்டியில் நிற்பதை ஒரு நிமிடம் விளக்கியிருந்தால், தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்ஸில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர் என்பதன் கனம் விளங்கியிருக்கும். அதற்குப் பதிலாக அவருடைய வறுமையையும் சிறுவயது விபத்தையுமே வருணனையாளர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

பாட்மின்டனில், கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்யூ5 பிரிவு அரையிறுதியில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனும் திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸும் மோதினார்கள். துளசிமதி 23-21, 21-17 என வென்றார். பின்னர் அவருக்கு வெள்ளியும் மனிஷாவுக்கு வெண்கலமும் கிடைத்தன. நம் ஊர்ப் பெண்கள் இருவர் எதிரெதிரே நின்ற அந்த ஆட்டம் செயலியில் கோர்ட் எண்ணின் கீழ் மட்டுமே இருந்தது. வீராங்கனைகளின் பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் எதுவும் வரவில்லை. இந்தியாவின் ஆட்டங்களை மட்டும் பிரித்துக் காட்டும் வசதியும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு, சந்தாப் பணம் வீண்போகவில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் செப்டம்பர் 4 இரவு நடந்த எஃப்51 கிளப் எறிதல் இறுதிப்போட்டி. கைகால்களின் இயக்கம் கடுமையாகக் குறைந்த வீரர்கள், தரையோடு பிணைத்த இருக்கையில் பட்டைகளால் கட்டப்பட்டு, மரக்கட்டை ஒன்றை எறியும் போட்டி இது. விரல்களால் இறுகப் பிடிக்க முடியாத தரம்பீர், முதல் நான்கு எறிதல்களிலும் ஃபவுல் ஆனார். செயலி வேறு போட்டிக்குத் தாவாமல் அவரோடு இருந்தது. ஐந்தாவது எறிதல் 34.92 மீட்டர், தங்கம்! பிரணவ் சூர்மா 34.59 மீட்டரில் வெள்ளி வென்றார். இவ்விருவருக்கும் வழிகாட்டியான அமித் குமார் சரோஹாவும் அதே இறுதிப்போட்டியில் எறிந்தார். ஆசானும் மாணவர்களும் ஒரே களத்தில் நின்ற இந்தச் செய்தியை வருணனையாளர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நான் முன்பே படித்திருந்ததால் தெரிந்தது.

ஈட்டி எறிதலில், உயரம் மிகக் குறைந்தவர்களுக்கான எஃப்41 பிரிவில் 47.32 மீட்டர் எறிந்த நவ்தீப், ஈரானிய வீரர் தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் தங்கம் பெற்றார். மறுநாள் மாலையிலும் அந்தக் காணொளியின் தலைப்பில் ‘வெள்ளி’ என்றே இருந்தது. திருத்துமாறு எழுதினேன், இரண்டு நாள் கழித்துத் திருத்தினார்கள்.

படத்துக்காக இச்செயலியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வகைப்பாட்டு விவரங்களையும் அன்றன்றைய போட்டி அட்டவணையையும் முன்கூட்டியே படித்து, ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் போட்டிகள் வரும்போது நானும் அப்படித்தான் பார்ப்பேன்.