பனிக்காலத்தில் ஓட என்ன உடுத்துவது? ஐந்து மார்கழிகளின் அனுபவம்

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு குளிர்கால ஓட்டத்துக்கான உடை என்று பேச்செடுத்தால், "சென்னையில் ஏது குளிர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜனவரியில்கூட இங்கே அதிகாலை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1895 டிசம்பரில். ஆனாலும் மார்கழி விடியலில் எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடி முடித்து, நனைந்த சட்டையோடு பஸ்ஸுக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், 20 டிகிரியிலும் பல் கிட்டும். 2020 டிசம்பரில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

அன்றைக்கு நான் போட்டிருந்தது கனமான பருத்தி டி-சர்ட். பனிக்கு இதமாக இருக்கும் என்று நானே தேடி எடுத்தது. திருவொற்றியூரைத் தாண்டும்வரை இதமாகத்தான் இருந்தது. எர்ணாவூர் அருகே முழங்கால் பிடித்துக்கொண்டது. திரும்பி ஓட முடியாது என்று தெரிந்ததும் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கரையில் கொட்டி வைத்திருக்கும் கருங்கற்களில் அலை மோதிச் சாரல் தெறித்துக்கொண்டிருந்தது. வாடைக்காற்று விடாமல் வீசியது. பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும்போல வியர்வையில் நனைந்திருந்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, ஐந்தே நிமிடத்தில் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிட்டது. பஸ் வர இருபது நிமிடம் ஆனது. வீட்டுக்கு வந்து வெந்நீர் ஊற்றிக்கொள்ளும்வரை நடுக்கம் நிற்கவில்லை.

"பனி தலையில் இறங்கிவிட்டது. குல்லா போட்டுக்கொண்டு போ என்றால் கேட்கிறாயா?" என்றார் அம்மா. தலையில் இறங்கிய பனியைவிட, முதுகில் ஒட்டிய சட்டையின் மீதுதான் எனக்குச் சந்தேகம். இரண்டு வாரம் கழித்து, முழங்கால் சரியானதும், அதே தூரம், அதே காற்று, ஆனால் மெல்லிய பாலியஸ்டர் சட்டையில் ஓடிப்போய் அதே நிறுத்தத்தில் நின்றேன். லேசாகச் சிலிர்த்தது. நடுக்கம் வரவில்லை.

ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும்வரை குளிர் பெரிய எதிரி இல்லை. வேகம் குறைந்ததும், நின்றதும், உடம்போடு ஒட்டியிருக்கும் ஈரம்தான் எதிரி. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். துணிகளின் குணமும் இதில்தான் வேறுபடுகிறது. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் வைத்தாலே பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம்தான். கம்பளி 16 சதவீதம் வாங்கினாலும் ஈரம் இழைக்குள்ளே போய்விடுவதால் தோலில் உறுத்தாது. மார்கழியில் நம் கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. வியர்வை ஆவியாவதே அரிது. இங்கே பருத்தியைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓடாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

அந்தப் பாலியஸ்டர் சட்டையைப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 220 ரூபாய்க்கு வாங்கினேன். துணி வெளுப்பவர்கள் குடியிருந்து பெயர் பெற்ற பேட்டையில் இன்றும் துணிதான் பிழைப்பு. எந்தத் தையலும் எந்த நெசவும் அங்கே கிடைக்கும், நமக்குப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துச் சட்டையின் உட்புறத்தில் வைப்பேன். முத்துப்போல உருண்டு நின்றால் வேண்டாம். சட்டென்று பரவி ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டமாகி, மறுபக்கத்திலும் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துணி வியர்வையைத் தோலிலிருந்து இழுத்துப் பரப்பிவிடும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்தால் யாரும் தடுப்பதில்லை. இப்படி எடுத்த சட்டை ஐந்தாவது மார்கழியிலும் உழைக்கிறது. தையல் ஓரிடத்திலும் விடவில்லை.

குறை என்றால் நாற்றம். இரண்டாம் வருடத்தில் துவைத்த சட்டைகூடப் போட்ட பத்து நிமிடத்தில் வாடை அடிக்க ஆரம்பித்தது. பாலியஸ்டர் இழை தண்ணீரை உள்ளே வாங்காது, எண்ணெய்ப்பசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாசனைக்காகத் துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்துத் துவைத்தது நான் செய்த பெரிய தவறு. அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, சொட்டுத் தண்ணீர் பரவுவதையே நிறுத்திவிட்டது. அதன் பிறகு, வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் அலசுவது, வாரம் ஒருமுறை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைப்பது, நிழலில் காயவைப்பது என்று மாற்றிக்கொண்டேன். பழைய குணம் பெருமளவு திரும்பிவிட்டது. நாற்றம் முழுவதும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. மேல்சட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளே பஞ்சு வைத்த பருத்தி உள்ளாடை போட்டிருந்தால் எல்லாம் வீண். ஈரம் முழுவதும் அங்கே தேங்கி, ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் ஆனாலும் நெஞ்சில் ஜில்லென்று உட்கார்ந்திருக்கும். பட்டையின் ஓரம் அறுத்துப் புண்ணாக்கும். பஞ்சு இல்லாத, ஓட்டத்துக்கென்றே தைத்த செயற்கை இழை உள்ளாடைக்கு 900 ரூபாய் கொடுத்தபோது மனம் வலித்தது. இந்த ஐந்து வருடத்தில் நான் செலவழித்ததில் அதைவிட உருப்படியான செலவு வேறில்லை. ஆண்கள் ஓடி முடித்ததும் தெரு முனையிலேயே சட்டையை மாற்றிக்கொள்கிறார்கள். நமக்கு அது முடியாது. அதனால் தோலோடு ஒட்டியிருக்கும் முதல் துணி நமக்கு இன்னும் முக்கியம்.

கைகளுக்கு, இரு சக்கர வாகனம் ஓட்டுபவர்கள் வெயிலுக்கு மாட்டிக்கொள்வார்களே, அந்தக் கையுறைக் குழாய் போதும். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை வரும். வீட்டிலிருந்து கிளம்பும்போது மாட்டிக்கொண்டு, இரண்டாவது கிலோமீட்டரில் மணிக்கட்டுக்குச் சுருட்டிவிடுகிறேன். முழுக்கைச் சட்டையில் இந்த வசதி கிடையாது. எங்கள் தெருவில் நாலரை மணிக்கே கோலம் போட உட்கார்ந்துவிடும் ஒரு பெரியம்மா, "ஏம்மா, இந்தப் பனியில் இவ்வளவு மெல்லிசாகவா போட்டுக்கொண்டு போவது?" என்று தினமும் கேட்பார். திரும்பி வரும்போது என் முகத்தில் ஆவி பறப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். இருட்டில் ஓடுவதால் சட்டையின் முதுகில் ஒளிரும் பட்டை ஒன்றையும் தைத்திருக்கிறேன். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலையில் இதைத் தவிர்க்கவே கூடாது. போகிப் பண்டிகை அன்று மட்டும் ஓடுவதில்லை. பனியும் புகையும் சேர்ந்த காற்றுக்கு எந்த உடையும் பதில் இல்லை.

வாடை வலுத்த நாளில் வடக்கு நோக்கித்தான் கிளம்புவேன். உடம்பு காய்ந்திருக்கும்போது எதிர்காற்று, வியர்த்த பிறகு முதுகுக் காற்று. மாற்றிச் செய்தால் நனைந்த நெஞ்சோடு காற்றில் மோதிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும். செலவே இல்லாத உபாயம் இது, ஒரு சட்டைக்குச் சமம்.

காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டில்தான் நான் ஏமாந்தேன். 2021 இறுதியில் தண்ணீரே புகாது என்று எழுதியிருந்த ஒன்றை 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். தண்ணீர் புகவில்லை. வியர்வை வெளியே போகவும் இல்லை. ஐந்து கிலோமீட்டரில் உள்ளே மழை பெய்த மாதிரி இருந்தது. சரி, மழை நாளுக்காவது ஆகும் என்று பீரோவில் மடித்து வைத்தேன். பத்து மாதம் கழித்துப் பிரித்தபோது உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வெள்ளைப் படலம் வெயிலில் காய்ந்த தோல்போலச் செதில் செதிலாக உரிந்து விரலோடு வந்தது. தண்ணீர் புகாமலிருக்கப் பூசும் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் தானே சிதைந்துவிடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் பூச்சுள்ள உடையை மூட்டை கட்டி வைக்கக் கூடாது, காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். இப்போது வைத்திருப்பது பூச்சே இல்லாத, நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் ஜாக்கெட். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி, நின்றதும் போட்டுக்கொள்கிறேன்.

இந்த உடைகளுக்கு உண்மையான சோதனை உதகையில். அக்காவை அங்கே கொடுத்திருக்கிறோம். பொங்கல் விடுமுறைக்கு ஒரு வாரம் போவது வழக்கம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். ஜனவரி விடியலில் வெப்பநிலை மூன்று, நான்கு டிகிரி. புல்வெளியில் உப்பைத் தூவினாற்போல உறைபனி கிடக்கும். முதல் முறை போனபோது இரண்டு ஸ்வெட்டர், மப்ளர், குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமா வாசலிலேயே நிறுத்தினார். "இங்கே நிற்கும்போது உனக்குக் குளிரவில்லை என்றால் அதிகம் போட்டிருக்கிறாய் என்று அர்த்தம். ஒரு ஸ்வெட்டரைக் கழற்று" என்றார். அவருக்குத் தோட்டக்கலைத் துறையில் வேலை. தாவரவியல் பூங்காவில் அவர் காட்டிய ஒரு காட்சிதான் எனக்கு அடுக்கு உடையின் சூட்சுமத்தைப் புரியவைத்தது. பனிக்காலத்தில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியின் கிளைகளால் மூடிவைக்கிறார்கள். ஒரு கிளையை விலக்கிக் கையை உள்ளே விடச் சொன்னார். வெளியே விரல் விறைத்தது, உள்ளே அவ்வளவு குளிரில்லை. கிளை நாற்றைத் தொடவே இல்லை. "இறுக்கி மூடினால் கருகிவிடும். இடையில் நிற்கிற காற்றுதான் காப்பாற்றுகிறது" என்றார்.

உடையும் அப்படித்தான். தோலை ஒட்டி ஈரத்தை வாங்கும் ஒன்று, அதன் மேல் காற்றைப் பிடித்து வைக்கும் ஒன்று, வெளியே காற்றைத் தடுக்கும் ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று நெரிக்காமல் இருக்க வேண்டும். எவ்வளவு போடுவது என்பதற்கு ஓட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு எளியது, இருக்கும் வெப்பநிலையைவிடப் பத்து டிகிரி கூட இருப்பதாக நினைத்து உடுத்த வேண்டும். உதகையின் நான்கு டிகிரிக்குப் பதினான்கு டிகிரி உடை. எனக்கு அது மெல்லிய கம்பளி உள்சட்டை, அதன் மேல் எம்.சி. ரோட்டுச் சட்டை, காற்றடித்தால் நைலான் ஜாக்கெட். தலைகுந்தா பக்கம் திறந்த வெளியில் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்து டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் உடம்புக்கு அது ஒரு டிகிரி.

கால்களுக்கு ஒரே ஓர் ஒட்டிய காற்சட்டை போதும், பெரிய தசைகள் தாமே சூடாகிக்கொள்ளும். விரல்கள் அப்படியல்ல. குளிர் கண்டதும் உடம்பு முதலில் ரத்தத்தைக் குறைப்பது அங்கேதான். ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை வைத்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் பை போன்ற உறை அதிகச் சூடு தருகிறது. அக்கா பின்னிக் கொடுத்த கம்பளி உறைதான் எனக்கு. தலை வழியாகத்தான் பாதி வெப்பம் போகிறது என்பது உண்மையல்ல, உடம்பின் பரப்பில் தலை பத்தில் ஒரு பங்குதான். காதுக்கு ஒரு பட்டை போதும். அம்மாவின் மங்கி குல்லாவைப் போட்டு ஓடிப் பார்த்தேன், மூச்சின் ஈரத்தில் வாய்ப்பக்கம் நனைந்து தாடை விறைத்ததுதான் மிச்சம்.

அந்தக் கம்பளி உள்சட்டை மெரினோ ரகம், அதாவது மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய ரோமத்தில் செய்தது. 2022 ஜனவரியில் 2,400 ரூபாய். விலை அதிகம்தான். ஆனால் மூன்று நாள் துவைக்காமல் போட்டாலும் வாடை இல்லை, நனைந்தாலும் சூடு விடுவதில்லை. வெந்நீர் ஆகாது. முறுக்கிப் பிழிய ஆகாது. கொடியில் போட்டால் நீண்டுவிடும் என்பதால் பாயில் விரித்துக் காயவைக்கிறேன். சென்னையில் இதற்கு வேலையில்லை, வருடத்தில் ஒரு வாரம்தான் வெளியே வரும். மீதி மாதங்கள் பீரோவில் கிடந்ததில் போன வருடம் பூச்சி அரித்து, தோள்பட்டையில் மிளகு அளவு இரண்டு ஓட்டை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் இருந்த நீல நூலால் இழை ஓட்டிக் கொடுத்தார். இப்போது துணிப்பையில் வசம்புத் துண்டுகளோடு சேர்த்து வைக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தேன், புதிதாக ஓட்டை எதுவும் விழவில்லை. நீல இழை தலைகுந்தாவரை போய்வந்தும் அப்படியே இருக்கிறது.