வீட்டுக்கு நான்கு நட்சத்திரம், வழிகாட்டிக்கு ஒன்று

அர்ஜென்டினாவின் மேற்கே, ஆண்டிஸ் மலையை ஒட்டி இருக்கிற சான் ஹுவானுக்கு ஒயினுக்காக வருபவர்கள்தான் அதிகம். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை, சார்மியெந்தோ பிறந்த வீட்டைப் பார்க்கப் போனேன். டொமிங்கோ ஃபாஸ்டினோ சார்மியெந்தோ, 1868 முதல் 1874 வரை நாட்டின் அதிபர். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் என்றே பேசியவர். அவர் இறந்த செப்டம்பர் 11 தான் அந்த நாட்டில் ஆசிரியர் தினம்.

வீடு ஊர் நடுவிலேயே இருக்கிறது. மண்சுவர், முற்றம், அறைகள். மாளிகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அவருடைய அம்மா பவுலா அல்பரசீன் தறியில் நெய்து சம்பாதித்த காசில் 1801-இல் கட்டத் தொடங்கிய வீடு இது. முற்றத்து அத்திமரத்தடியில்தான் தறி போட்டிருந்தாராம். நாகரிகம் பழகிய மகள்கள் அந்த மரத்தை வெட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததையும், அம்மா அழுததையும் மகனே எழுதி வைத்திருக்கிறார். இப்போது நிற்பது பழைய மரத்தின் வழிவந்த கன்று என்கிறார்கள். 1944 ஜனவரி நிலநடுக்கத்தில் சான் ஹுவானின் பெரும்பகுதி இடிந்துபோனதால், பழைய வீடு என்று காட்ட அந்த ஊரில் மிச்சம் ரொம்பக் கொஞ்சம். இந்த வீட்டை 1910-லேயே தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள், நாட்டிலேயே முதலாவதாக. அந்த முற்றத்துக்காக மட்டுமே போகலாம்.

சரி, வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் மூலம் ஏற்பாடு செய்த ஆள். சிறுவன் சார்மியெந்தோ பள்ளிக்கு ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை என்பதை விதவிதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சார்மியெந்தோ தன்னைப் பற்றித் தானே எழுதியது அது. காய்ச்சல்கூடவா வராது என்று என் தொழில் புத்தி கேட்டது. அதை விட்டுவிட்டு, புவெனஸ் ஐரெஸில் படிக்க அரசு கொடுத்த உதவித்தொகை குலுக்கலில் கைநழுவிப் போன கதையைச் சொல்லியிருக்கலாம். பதினைந்து வயதுவாக்கில் பக்கத்து சான் லூயிஸ் மாகாணத்தில், தன்னைவிட மூத்தவர்களுக்கெல்லாம் எழுத்து சொல்லிக்கொடுத்ததைச் சொல்லியிருக்கலாம். மேல்படிப்பு கிடைக்காத பையன்தான் பின்னாளில், 1842-இல், தென் அமெரிக்காவின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைப் பக்கத்து நாடான சிலியில் தொடங்கி நடத்தினார். எனக்குக் கேட்க வேண்டியிருந்தது அதுதான்.

சட்டம் போட்டால் மட்டும் பள்ளி நடக்காது, முதலில் வாத்தியார் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் பொதுப்பள்ளிகளுக்காகப் பாடுபட்ட ஹொரேஸ் மேனைச் சந்தித்தார். மேன் காலமான பிறகும் அவருடைய மனைவி மேரி மேனுடன் கடிதத் தொடர்பு விடவில்லை. 1869-இல் எடுத்த முதல் தேசியக் கணக்கெடுப்பில், பத்தில் ஏழு பேருக்கு மேல் எழுத்தறிவில்லாதவர்கள். அடுத்த ஆண்டே பரனா நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு உத்தரவு. அப்புறம் வருடக்கணக்காக அமெரிக்காவிலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களில் மேரி கிரஹாம் இதே சான் ஹுவானில் பணியாற்றியவர். இப்படிப் பாஷை தெரியாத ஊருக்குக் கிளம்பி வந்தவர்களைப் பற்றி வழிகாட்டி வாயே திறக்கவில்லை. அதிபர் காலத்தில் மாணவர் எண்ணிக்கை சுமார் 30,000-இலிருந்து ஒரு லட்சம் ஆனது என்பார்கள். இலவச, கட்டாய, மதச்சார்பற்ற கல்விக்கான 1420-ஆம் எண் சட்டம் வந்தது 1884-இல், ரோகா அதிபராக இருந்தபோது. அதற்காக வயதான காலத்திலும் சண்டை போட்டவர் இவர்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1861-இல், அடுத்த ஆண்டு அதிபரான தளபதி மித்ரேவுக்கு எழுதிய கடிதத்தில், காவுச்சோக்களின் (குதிரையேறி மாடு மேய்த்த நாட்டுப்புற மக்கள்) ரத்தத்தைச் சிந்துவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்றார். 1863-இல் கலகத் தலைவர் பெனியலோசாவைக் கொன்று தலையை ஓல்தா ஊர்ச் சதுக்கத்தில் கம்பத்தில் குத்தி வைத்தபோது, அதை மெச்சி எழுதினார். அப்போது இதே சான் ஹுவானின் ஆளுநர் அவர், இங்கே பள்ளிகளைத் திறந்துகொண்டிருந்த காலம். யாருக்குப் படிப்பு, யாருக்குத் துப்பாக்கி என்று அவரே பிரித்து வைத்திருந்தார் போலும். வழிகாட்டியிடம் கேட்டேன். "அதெல்லாம் அரசியல்" என்று அடுத்த அறைக்கு நடந்துவிட்டார். ஒரு அரசியல்வாதியின் வீட்டில் நின்றுகொண்டு!

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியம் ஊரே கடையடைத்துத் தூங்கப் போய்விடும். சோண்டா என்கிற வறண்ட சூடான காற்று வீசுகிற நாளாக இருந்தால் வெளியே நடப்பதே சிரமம். கொஞ்சம் ஸ்பானிஷ் தெரிந்தால் நல்லது. வெள்ளை மேலங்கி போட்ட பள்ளிக் குழந்தைகள் கூட்டமாக வந்தால் பின்னாலேயே நின்று அவர்கள் டீச்சர் சொல்வதைக் கேளுங்கள். நான் பார்த்த டீச்சர் தறியைப் பற்றி மட்டுமே அவ்வளவு நேரம் பேசினார். என் வழிகாட்டியைவிட நூறு மடங்கு மேல், காசும் கேட்கவில்லை.