மடியின் கடைசிப் பை: சாய்கண்ணியா, சதுரக்கண்ணியா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுக்காரர்கள் மடி, அதாவது இழுவலை, பழுதுபார்க்கும் இந்த நாட்களில்தான் மீன் சேரும் கடைசிப் பையை மாற்றவும் வசதி. வலையின் ஓட்டை வைர வடிவில் சாய்ந்திருந்தால் சாய்கண்ணி, சதுரமாக இருந்தால் சதுரக்கண்ணி.

குஞ்சு மீன்
சாய்கண்ணி: இழுவையில் நீளவாக்கில் இறுகி மூடிக்கொள்ளும். 40 மி.மீ. வலைதான் என்றாலும் விரல்நீளச் சங்கரா தப்புவது கஷ்டம்.
சதுரக்கண்ணி: பாரம் ஏறினாலும் திறந்தே நிற்கும், குஞ்சு வெளியேறும். அடுத்த வருஷம் நல்ல விலைக்குப் போக வேண்டிய மீன், கூடை கூடையாகத் தீவன ஆலைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

செலவு
சாய்கண்ணி: வாங்கிய வலையை அப்படியே தைக்கலாம்.
சதுரக்கண்ணி: அதே வலையை 45 டிகிரி திருப்பி வெட்ட வேண்டும். ஓரத்துண்டு வீணாகும், கூலியும் கூடும்.

நீடித்து உழைப்பது
சதுரத்தில் முடிச்சு நழுவினால் கண்ணி கோணிவிடும். முடிச்சில்லா வலை கிடைத்தால் அதையே எடுங்கள்.

வலையை நனைத்து, கண்ணியை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு நடுவே அளந்தால் 40 மி.மீ. இருக்க வேண்டும், ஒரு பக்கம் 20. உள்ளே சிறுகண்ணிப் பை மாட்டினால் எந்த வலையும் வீண்.

காரப்பொடி மீன், சின்ன இறால்தான் வருமானம் என்றால் சதுரத்தில் வரவு குறையும், மறைப்பதற்கில்லை. சங்கரா, பெரிய கணவாய் தேடிப் போகும் படகுக்குச் சதுரமே சரி.