சப் அவுட் இல்லாத ரிசீவரில் சப்வூஃபர்: எந்த வழி தேறும்?

யமஹா ஆர்-எஸ்202, சோனி எஸ்டிஆர்-டிஎச்190 இரண்டும் நம்மூர் வீடுகளில் ஓடும் அடிப்படை ஸ்டீரியோ ரிசீவர்கள். பக்கத்துக்கு நூறு வாட் என்று போட்டிருக்கும், ஏ-பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கர் இணைப்பு இருக்கும், ஆனால் பின்பக்கம் எங்கே தேடினாலும் சப்வூஃபருக்கென்று சிக்னல் தரும் இணைப்பு, அதாவது சப் அவுட், மட்டும் இருக்காது. ஐந்து இஞ்ச் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ராஜா பாட்டில் அந்த பேஸ் கிட்டாரைத் துரத்திக்கொண்டே கேட்கிற ஆட்களுக்குச் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் (சுருக்கமாகச் சப்), வேண்டும் என்ற ஆசை வருவது நியாயம்தான்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் போய் இதற்கு வழி கேட்டால் கடைக்கு ஒரு பதில் கிடைக்கும். ஒருவர் கன்வெர்ட்டர் எடுத்து வைப்பார், இன்னொருவர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போர்டு காட்டுவார், மூன்றாமவர் “ரிசீவரையே மாத்திடுங்க சார்” என்பார். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சப்பில் ஸ்பீக்கர் லெவல் இன்புட் இருந்தால், அதுதான் வழி. மற்றதெல்லாம் அது இல்லாதவர்களுக்கு.

அது என்ன என்றால், ரிசீவரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற அதே சிக்னலைச் சப்புக்கும் ஒரு ஒயரில் கொடுப்பது. ஹை லெவல் என்றும் எழுதியிருப்பார்கள். சப்புக்குள் தனி ஆம்ப் இருப்பதால் அது ரிசீவரிடம் கரண்ட் கேட்பதில்லை, சிக்னலை மட்டும் எட்டிப் பார்த்துக்கொள்கிறது. அந்த இன்புட்டின் மின்தடை பல ஆயிரம் ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரோடு பக்க இணைப்பில் போட்டாலும் ரிசீவருக்குச் சுமை ஏறியதே தெரியாது. தடித்த ஒயரும் தேவையில்லை, எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் மெல்லிய ஒயரே போதும். முக்கியமான லாபம் வேறு: வால்யூம் குமிழைத் திருப்பினால் ஸ்பீக்கரோடு சேர்ந்து சப்பும் ஏறி இறங்கும்.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒயர் முனையை அரை இஞ்ச் உரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு கிளிப்புக்குள் விடுங்கள். தலைமுடி அளவு ஒரு இழை பிளஸ்ஸிலிருந்து மைனஸைத் தொட்டால் ரிசீவரின் அவுட்புட் பகுதியே போய்விடலாம்.

ஏ இணைப்பிலா, பி இணைப்பிலா? பி காலியாகத்தானே இருக்கிறது என்று பலரும் அதில் மாட்டுவார்கள். பெரும்பாலான ரிசீவர்களில் தப்பில்லை. ஆனால் சில ரிசீவர்களில் ஏ+பி அழுத்தினால் உள்ளே இரண்டும் தொடர் இணைப்பாகிவிடும். அந்த வரிசையில் பல ஆயிரம் ஓம் சப் வந்து உட்கார்ந்தால் உங்கள் ஸ்பீக்கர்கள் கிட்டத்தட்ட ஊமையாகிவிடும். மேனுவலைப் புரட்டிப் பார்க்கலாம். பார்க்கப் பொறுமை இல்லையென்றால், ஸ்பீக்கர் மாட்டியிருக்கும் ஏ-யிலேயே சப் ஒயரையும் சேர்த்துச் செருகுங்கள், வம்பில்லை.

ரெல் கம்பெனியின் சப் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. நான்கு ஒயருக்குப் பதில் மூன்று: சிவப்பு வலது பிளஸ், மஞ்சள் இடது பிளஸ், கறுப்பு ஏதாவது ஒரு மைனஸ். இந்தக் கறுப்பு ஒயர்தான் சின்ன டி-கிளாஸ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம். அவற்றில் பலவற்றில் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும், அது எர்த் இல்லை. அங்கே கறுப்பை மைனஸில் மாட்டக் கூடாது, ஆம்பின் உடம்பில் உள்ள ஸ்க்ரூவில் மாட்ட வேண்டும். இரண்டு பக்க மைனஸையும் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போடுகிற வேலையும் கூடவே கூடாது. பழைய பாணி யமஹா, சோனியில் இந்தத் தொல்லை வருவது அபூர்வம்.

குறை இல்லாமல் இல்லை. ராத்திரி மெல்ல வைத்துக் கேட்டால் சிக்னல் போதாமல், ஆட்டோ மோடில் இருக்கும் சப் தூங்கிவிடும். சுவிட்சை ‘ஆன்’ பக்கம் தள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது. ரிசீவரில் லவுட்னஸ் பட்டனைப் போட்டிருந்தால் அது கூட்டுகிற பாஸும் (தாழ்ந்த ஒலி) சேர்ந்து சப்புக்குப் போகும், அதை அணைத்துவிடுங்கள். ஹை லெவலில் கொடுத்தால் ஆம்பின் ‘குணமே’ சப்புக்கு வந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வால்யூம் கூடவே வருகிறது, காசு செலவில்லை, அதுவே போதுமான காரணம்.

சரி, சப்பில் ஆர்சிஏ இன்புட் (ஒற்றை வட்ட முனை கேபிள் செருகும் ஓட்டை) மட்டும்தான் இருக்கிறது என்றால்? அப்போது கன்வெர்ட்டர். கார் ஆடியோக்காரர்கள் கம்பெனி ஸ்டீரியோவோடு தனி ஆம்ப் சேர்க்கப் பயன்படுத்துகிற அதே சாமான்தான். ஜே.சி. ரோடு கார் கடைகளில் ‘ஹை-லோ கன்வெர்ட்டர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஸ்பீக்கர் சிக்னலைக் குறைத்து ஆர்சிஏ-யாக நீட்டுவதால் வால்யூம் இதிலும் கூடவே வரும், ஹை லெவலின் முக்கால்வாசி சௌகரியம் கிடைத்துவிடும். மீதிக் காலில்தான் சிக்கல். மலிவு கன்வெர்ட்டருக்குள் விரல் நுனி அளவு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அது தாழ்ந்த பாஸைத்தான் முதலில் கோட்டைவிடும். சப்புக்காக வாங்குகிற சாமான் சப்பின் வேலையையே தின்றால் எப்படி? இருக்கிறதிலேயே மட்டமானதைத் தவிர்த்து, அளவைக் கூட்டிக் குறைக்கத் திருகு உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

ரிசீவரில் உள்ள ரெக் அவுட்டிலிருந்து எடுக்கலாமே என்பது அடிக்கடி காதில் விழும் யோசனை. வேண்டாம். அது டேப் ரெக்கார்டருக்காக வைத்தது, வால்யூம் குமிழுக்குக் கட்டுப்படாது. பாட்டைக் குறைத்தாலும் சப் மட்டும் அதே சத்தத்தில் இடித்துக்கொண்டிருக்கும். ஹெட்போன் ஓட்டையில் செருகினால் பெரும்பாலான ரிசீவர்களில் ஸ்பீக்கரே கட்டாகிவிடும். ப்ரீ அவுட் (வால்யூம் குமிழுக்குக் கட்டுப்படும், ஆனால் ஸ்பீக்கர் அளவுக்குப் பெருக்காத சிக்னல் தரும் ஓட்டை) இருந்தால் அது நல்ல வழி, ஆனால் இந்த விலையில் அது இருப்பதில்லை. அப்படியே இருந்தாலும் இடது, வலது இரண்டையும் ஒரு ஒய் கேபிளில் ஒன்றாக்கி ஒரே இன்புட்டில் சொருகாதீர்கள். இரண்டு அவுட்புட்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும்.

பழைய 5.1 செட்டிலிருந்து கழற்றிய சப் வைத்திருப்பவர்கள் தனி ரகம். அதற்குள் பெரும்பாலும் ஆம்ப் இருக்காது, வெறும் ஸ்பீக்கர்தான். கரண்ட் ஒயர் தனியாக இல்லையென்றால் அதுதான் அடையாளம். அதை நேரே ரிசீவரில், இருக்கிற ஸ்பீக்கரோடு பக்க இணைப்பில் போட்டால் எட்டு ஓமும் நாலு ஓமும் சேர்ந்து 2.7 ஓம் ஆகிவிடும். எட்டு ஓமுக்குக் குறையாதே என்று எழுதியிருக்கும் ரிசீவர் சூடாகி அணைந்துபோகும், அல்லது அணையாமலே கெட்டுப்போகும். இதற்கு தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டரோடு வரும் டிபிஏ3116 சிப் ஆம்ப் போர்டு ஒன்று, அதற்கொரு அடாப்டர், அதற்கு மேல் மேலே சொன்ன கன்வெர்ட்டர் என்று வாங்க வேண்டும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல ஞாயிற்றுக்கிழமை. மற்றவர்கள் ஆம்ப் உள்ள சப்பே வாங்கிக்கொள்ளலாம்.

எந்த வழியில் மாட்டினாலும் இரண்டு தொல்லை பொது. ஒன்று, 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஆர்சிஏ இணைப்பில் இது அதிகம். கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள், பல வீடுகளில் குற்றவாளி அதுதான். ரிசீவரையும் சப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுவதும் உதவும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால், ஷாக் அடிக்கும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது தொல்லை, அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், பத்தடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் என்று இரண்டு இடத்தில் பாஸ் தானாகவே வீங்கும். சப்பை மூலையில் வைத்தால் இன்னும் மோசம். அல்சூரில் நண்பர் ஒருவர் அப்படி மூலையில் வைத்து ஒரு பாட்டு போட்டு முடிவதற்குள் கீழ்வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார்: “தம்பி, பாட்டு கேக்கல, எங்க ஜன்னல் மட்டும் ஆடுது.” சப்பை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய், பாஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். சப் எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்ய வேண்டும் என்று வைக்கும் கிராஸ்ஓவர் குமிழை 60 பக்கம் தொடங்கி, சப்பை ஸ்பீக்கரோடு ஒத்துப்போக வைக்கும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்து, பாஸ் நிறைவாகக் கேட்கும் பக்கம் விடுங்கள்.

கடைசியாக, ரிசீவரையே மாற்றுகிற யோசனை. சப் அவுட் உள்ள ஸ்டீரியோ மாடல்கள் கொஞ்சம் விலை ஏறினால் கிடைக்கும், டெனான் பிஎம்ஏ-600என்இ ஒன்று. ஆனால் இவற்றில் பெரும்பாலும் சப்புக்கு ஒரு ஒயர் கூடுதலாகக் கிடைக்கிறதே தவிர, உங்கள் சின்ன ஸ்பீக்கர்களுக்குப் போகிற பாஸ் வெட்டுப்படுவதில்லை. இலவசமாக ஹை லெவலில் கிடைத்ததற்கும் இதற்கும் காதில் பெரிய வித்தியாசம் வராது. அந்த வெட்டு வேண்டுமென்றால்தான் செலவுக்கு அர்த்தம். போனிலிருந்து ஸ்ட்ரீம் செய்பவர்கள் வீம் அல்ட்ரா மாதிரி ஸ்ட்ரீமரைப் பார்க்கலாம்: அதில் சப் அவுட் இருக்கிறது, எந்த ஹெர்ட்ஸில் பிரிப்பது என்று ஆப்பிலேயே சொல்லிவிடலாம். ரிசீவரின் வால்யூமை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஸ்ட்ரீமரில் கூட்டிக் குறைக்க வேண்டும், டிவி, டர்ன்டேபிள் எல்லாமும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். விலை உங்கள் ரிசீவரையே தாண்டும். ஹை லெவலில் சில வாரம் கேட்டுவிட்டு, ஸ்பீக்கர் இன்னும் திணறுகிறது என்று பட்டால் அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்.