சுத்த வெள்ளை என்று விற்ற குட்டி, மூன்று மாதத்தில் சாம்பல் மூஞ்சி

நுவரெலியா டவுனில் பூனை, நாய், மீன் எல்லாம் விற்கும் கடை ஒன்றில் போன வருஷம் ஒரு பெர்சியன் குட்டி வாங்கினேன். கடைப் பெயர் போடவில்லை, சண்டை பிடிக்கிற எண்ணமும் இல்லை, ஆனால் இந்தப் பக்கம் குட்டி வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள்.

முதலில் வாட்ஸ்அப்பில் படம்தான் வந்தது. பிறந்து பத்து நாள்கூட ஆகாத, கண் சரியாகத் திறக்காத குட்டி, பஞ்சு மாதிரி வெள்ளை. "அக்கா, இது சுத்த வெள்ளை, கண்ணு நீலமாத்தான் வரும், வெள்ளைக்கு 5,000 கூட" என்று கடைத் தம்பி சொல்ல, நானும் முன்பணம் அனுப்பிவிட்டேன். கையில் தரும்போது ஏழு வாரம் என்றார்கள், பார்த்தால் ஐந்து வாரம் போலத்தான் இருந்தது (அவ்வளவு சின்னதைத் தாயிடமிருந்து பிரிப்பதே தப்பு, ஒரு நட்சத்திரம் அதற்கே போய்விட்டது). காது ஓரத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி லேசான சாம்பல் கோடு. விறகடுப்புக் கரி என்று நினைத்த அம்மா இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். காது பளபளத்ததுதான் மிச்சம்.

அப்புறம் மூக்கு, பாதம், வால் என்று ஒவ்வொன்றாக ஏறி, மூன்றாம் மாதம் பார்த்தால் திருநீற்றுத் தட்டுக்குள் முகத்தை விட்டு எடுத்த மாதிரி இருக்கிறது. கடைக்கு கோல் எடுத்தேன். "உங்க ஊர் கந்தப்பளைக் குளிருக்குத்தான் அக்கா, வெயில் வந்தா வெளுத்துரும்." இதில் பாதி உண்மை இருக்கிறது, எரிச்சலே அதுதான்.

சியாமீஸ் பூனைக்கு இருக்கிற அதே மரபணு இதற்கும் இருக்கிறது, முடி நீளம் என்பதால் ஹிமாலயன் என்பார்கள். ரோமத்துக்கு நிறம் தருகிற மெலனின் உண்டாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும், இந்தப் பூனைகளில் அந்த நொதி உடம்புச் சூட்டில் ஓடாது. பூனையின் சூடு 38, 39 பாகை செல்சியஸ், தாயின் வயிற்றுக்குள் எல்லா இடமும் ஒரே சூடு, அதனால்தான் பிறக்கும்போது முழு வெள்ளை. வெளியே வந்த பிறகு காது, மூக்கு, கால், வால் சீக்கிரம் குளிர்வதால் அங்கே மட்டும் நிறம் பிடிக்கிறது. கரும்பழுப்பான சீல் பாயிண்ட் என்றால் முதல் ஓரிரு வாரத்திலேயே தெரிய ஆரம்பிக்கும். நம்முடையது சாம்பலான புளூ பாயிண்ட், அது மெதுவாக ஏறும், அதைவிட வெளிறிய லைலாக் இன்னும் மெது. முழு நிறமும் ஏற ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், அதனால் பத்து நாள் குட்டியின் படத்தைக் காட்டி வெள்ளை என்பது தேயிலை நாற்றைப் பார்த்தே கொழுந்தை எடை போட்ட கதைதான்.

சரி, அந்தப் பாதி உண்மை. அதே ஈற்றில் இன்னொரு குட்டியைக் கொழும்பில் இருக்கும் சித்தி மகள் எடுத்தாள். அதன் உடம்பு இன்னும் பால் நிறம், நம்முடையதற்கு முதுகெல்லாம் புகை படிந்த மாதிரி. டிசம்பரில் சண்டையில் தொடை கிழிந்து, தையல் போட மிருக வைத்தியர் முடியை வழித்துவிட்டார், திரும்ப முளைத்தது அந்த நெருப்புப்பெட்டி அளவு இடத்தில் மட்டும் கறுப்புச் சாம்பலாக, அடுத்த தடவை முடி கொட்டிய பிறகுதான் மங்கியது. குளிர் கறுக்க வைப்பது நிஜம்தான். ஆனால் கொழும்புக் குட்டிக்கும் காதும் மூஞ்சியும் சாம்பல்தானே? அங்கே இல்லாத வெயிலா!

நல்லதையும் சொல்ல வேண்டும். குட்டி நோய் நொடியில்லாமல் வந்தது, பூச்சி மருந்து கொடுத்திருந்தார்கள், தடுப்பூசி அட்டையில் குளறுபடி இல்லை, கூடு நாறவில்லை. காசைத் திருப்பிக் கேட்கப் போனபோது ஒரு பை பூனை மண் கொடுத்து அனுப்பினார்கள், அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன், என்ன செய்ய. அன்றைக்குத்தான் கடையின் பின்பக்கம் தாய்ப் பூனையைப் பார்த்தேன், அச்சாக அதே சாம்பல் மூஞ்சி. முன்பணம் கட்டுமுன் அங்கே எட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பூனைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் நிறைய செவிடு என்று கேள்விப்பட்டு முதல் மாதம் பயந்துகொண்டே இருந்தேன், இது கருவாட்டுப் பை சரசரத்தால் லயத்துக் கோடியிலிருந்து ஓடிவருகிறது. கடைக்கு ஐந்தில் இரண்டரை. போன வாரம் அதே கடை இன்னும் மூன்று "சுத்த வெள்ளை" படம் போட்டிருக்கிறது, எல்லாம் கண் திறக்காத குட்டிகள்.