கூட்டுத்தொகை கேட்காத வினாத்தாள்: ஏ.எஸ்.கியூ-3 குறித்து

ஐந்து வயதை எட்டிய எங்கள் மகன் கதை சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். ஆனால் சட்டைப் பொத்தானைப் போடவும் கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்டவும் இன்னும் தடுமாறுகிறான். பள்ளியில் சேர்க்கும் நாள் நெருங்கிவரும் வேளையில் இந்த ஏற்றத்தாழ்வை எவ்வளவு பொருட்படுத்துவது என்று விளங்காமல்தான், பெற்றோரே நிரப்பும் ஏ.எஸ்.கியூ-3 (Ages & Stages Questionnaires) என்னும் வளர்ச்சி வினாத்தாளை நிரப்பிப் பார்த்தோம்.

2009இல் மூன்றாம் பதிப்பாக வெளிவந்த இது, பிறந்து ஒரு மாதம் முதல் 66 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்காக 21 படிவங்களைக் கொண்டது. பேச்சும் புரிதலும், உடலசைவு, கைவிரல் திறன், சிக்கல் தீர்த்தல், பிறருடன் பழகித் தன் வேலையைத் தானே செய்துகொள்ளுதல் என ஐந்து பகுதிகள். பகுதிக்கு ஆறு கேள்விகள். ‘ஆம்’ என்பதற்கு 10, ‘சில நேரங்களில்’ என்பதற்கு 5, ‘இன்னும் இல்லை’ என்பதற்கு 0. வெறும் ‘இல்லை’ என்று விட்டுவிடாமல் ‘இன்னும்’ என்று சேர்த்தவர் பிள்ளை வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும். கால் மணி நேர வேலைதான். ஆனால் ஒவ்வொன்றையும் அவனைச் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகே குறித்ததால் எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. அவனால் முடியும் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த இரண்டு செயல்கள் அன்று ‘இன்னும் இல்லை’யில் போய் நின்றன.

இந்த வினாத்தாளின் பெரிய சிறப்பு, ஐந்து பகுதிகளின் மதிப்பெண்களையும் ஒன்றாகக் கூட்டச் சொல்லாததே. மகனுக்குப் பேச்சில் 60, கைவிரல் திறனில் 30. மற்ற மூன்றில் 55, 55, 50. சராசரி எடுத்திருந்தால் 50 என்று வந்து, கவனிக்க வேண்டிய ஒன்று அந்த எண்ணுக்குள் மறைந்துபோயிருக்கும். இங்கோ ஒவ்வொரு பகுதிக்கும், அதே வயதுப் பிள்ளைகளின் சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) கீழே, அதைவிடக் குறைந்தால் நிபுணரிடம் காட்ட வேண்டிய வெட்டுக்கோடு தனித்தனியே உண்டு. அதற்குச் சற்று மேலே ‘கண்காணிக்கவும்’ என்ற பட்டை. முப்பது அந்தப் பட்டையில் விழுந்தது. உடனே நிபுணரிடம் ஓட வேண்டியதில்லை, பயிற்சி கொடுத்து மீண்டும் பார்க்கலாம் என்பது அதன் பொருள்.

குறைகளும் உண்டு. சிறு குழந்தைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு படிவம் என்றிருக்க, 60 மாதப் படிவமோ 57 முதல் 66 மாதம் வரை ஒன்றே. பள்ளி வாசலில் நிற்கும் வயதில் ஒன்பது மாத இடைவெளி சிறிதல்ல. ஆறே கேள்விகள் என்பதால் ஒரு விடை மாறினாலும் ஐந்தோ பத்தோ மதிப்பெண் நகர்ந்துவிடுகிறது. மேலும், 60க்கு மேல் இடமில்லாததால் ஒரு துறையில் பிள்ளை எவ்வளவு முந்தியிருக்கிறான் என்பதை இது காட்டாது. பின்தங்கலைச் சலித்தெடுக்கவே உருவான கருவி, அவ்வளவுதான். பள்ளி நுழைவுத் தேர்வாக இதைப் பயன்படுத்துவதும், இதை வைத்து ‘குறைபாடு’ என்று பெயர் சூட்டுவதும் தவறு.

மதிப்பெண் இல்லாத கடைசிப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். செவித்திறன், பேச்சுத் தெளிவு, பெற்றோரின் கவலைகள் அங்கேதான் கேட்கப்படுகின்றன. மற்றப் பகுதிகளில் மதிப்பெண் நன்றாக இருந்தாலும் அங்கே எழுதும் கவலையை மருத்துவரிடம் பேசியாக வேண்டும்.

மூன்று மாதம் கழித்து இதே படிவத்தை மீண்டும் நிரப்பவிருக்கிறோம். அதுவரை கத்தரிக்கோலும் களிமண்ணும் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கும்.